பரிசிலும் வரிசையும்: ஸ்டீம் வெள்ளறிக்கை பற்றிய ஒரு திறனாய்வு

தோற்றுவாய்

எழுத்துக்குப் பரிசில் வழங்கும் வழக்கம் மிகப் பழையது. வேந்தரும் வள்ளல்களும் வழங்கிய காலம் உண்டு. மடங்களும் நிலக்கிழார்களும் வழங்கிய காலம் உண்டு. அச்சுத் தோன்றிய பின்னர்ப் பதிப்பகத்தாரும் இதழாசிரியரும் வழங்கினர். வழங்கியவர் யாவராயினும், இன்ன எழுத்துக்கு இன்ன காரணம் பற்றி இவ்வளவு வழங்கினேன் என்று சொல்லும் பொறுப்பு அவர்க்கு இருந்தது. தவறியபோது பழியும் அவரையே சார்ந்தது. இந்நூற்றாண்டில் தோன்றிய சமூக வலைத்தளங்கள் சில, இப்பொறுப்பைத் தனி மனிதரிடமிருந்து எடுத்து ஒரு கணக்கு விதியிடம் ஒப்படைத்தன. பயனர் எழுதுகின்றார், பிறர் வாக்களிக்கின்றனர் அல்லது பார்க்கின்றனர், விதி கூட்டிப் பெருக்கித் தொகையை வகுத்துவிடுகின்றது. அங்ஙனம் வகுக்கப்படும் தொகை எழுத்தின் தகுதிக்கு ஏற்றதாகுமா என்னும் வினாவுக்குப் பொருளியலார் மட்டும் விடை கூறிவிட முடியாது. எழுத்தின் தகுதியை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட நமக்கும் அதன்கண் உரிமை உண்டு.

இத்தகைய தளங்களுள், தன் கொள்கையைக் காரணகாரியத்தோடு விரித்தெழுதி வெளிவந்தது ஸ்டீம் ஆகும். டேனியல் லாரிமர், நெட் ஸ்காட் முதலியோர் 2016 மார்ச்சுத் திங்களில் இதனைத் தொடங்கினர். பிளாக்செயின் எனப்படும் பொதுப் பேரேட்டின் மேல் இயங்கிய ஸ்டீமிட் என்னும் தளத்தில் எழுதுவோர்க்கு, அவ்வமைப்பே புதிதாகப் பிறப்பிக்கும் மின்னாணயம் ஊதியமாக வழங்கப்பட்டது. முதல் ஊதியம் 2016 சூலை 4ஆம் நாள் பகிரப்பெற்றது. இவ்வமைப்பின் அடிப்படைகளை விளக்கும் வெள்ளறிக்கை, நடையால் தொழில்நுட்ப ஆவணமேயாயினும், உள்ளடக்கத்தால் மதிப்பீட்டுக் கொள்கை பற்றிய ஒரு நூலேயாம். அதனை அவ்வாறே கொண்டு ஆராய்ந்து, பின்வந்த நான்கு ஆண்டு நிகழ்ச்சிகளாகிய உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குப்பைப் பதிவு என்பது யாது?

ஆராய்ச்சிக்குள் புகுமுன் ஒரு சொல்லை வரையறுத்துக்கொள்வது நலம். ஆங்கிலத்தில் 'ஸ்பாம்' என்பது டின்னில் அடைத்த இறைச்சி வகை ஒன்றன் வணிகப் பெயர். 1970இல் பிரித்தானியத் தொலைக்காட்சியில் வந்த ஒரு நகைச்சுவைக் காட்சியில் அப்பெயர் சலிப்பூட்டும் வகையில் திரும்பத் திரும்ப ஒலித்தமையால், வேண்டாத செய்தியை ஓயாது பரப்புதலுக்கு அது பிற்காலத்தில் ஆகுபெயராயிற்று. தமிழில் எரிதம் என்றும் குப்பை என்றும் வழங்குகின்றனர். நாம் ஈண்டுக் குப்பைப் பதிவு என்னும் தொடரையே ஆள்வோம்.

பயனற்ற எழுத்து அனைத்தும் குப்பைப் பதிவு ஆகிவிடாது. திருக்குறள் பயனில சொல்லாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்துள்ளது. ஆயினும், ஆங்குக் கடியப்படுபவன் தன் சொல்லைப் பிறர் கேட்கவேண்டும் என்றே விழைகின்றான். கேட்டார்க்குப் பயன் இல்லாமையே அவன்பால் உள்ள குற்றம். குப்பைப் பதிவு எழுதுவோனுக்கோ கேட்பாரே வேண்டியதில்லை. 'நல்ல பதிவு, என்னையும் பின்தொடர்க' என்று ஒரே நாளில் நூறு பேர்க்கு ஒரே மறுமொழியை எழுதுபவன், அதனை யாரேனும் கருத்தூன்றிப் படிப்பார் என்று எதிர்பார்ப்பதில்லை. ஆதலின், படிக்கப்படுவதற்கன்றி எண்ணப்படுவதற்கென்றே எழுதப்படுவது குப்பைப் பதிவு என வரையறுப்போம். பிறர் எழுத்தைத் திருடித் தன்னதாக இடுதலும், பொருளற்ற சிறு மறுமொழிகளைக் குவித்தலும், பொறியைக் கொண்டு எழுத்தைப் பெருக்குதலும் இவ்வரையறையுள் அடங்கும். எண்ணுவாரும் எண்ணிக்கைக்குப் பொருள் தருவாரும் இல்லாத இடத்தில் இவ்வகை எழுத்துப் பிறப்பதற்கு ஏதுவில்லை என்பதும் இவ்வரையறையால் போதரும்.

வெள்ளறிக்கையின் கொள்கை

வெள்ளறிக்கையின் முதற்கோள், வலைத்தளங்களின் மதிப்பு அவற்றில் எழுதும் பயனரால் விளைவது. ஆதலின் அம்மதிப்பில் பங்கு பெறுதற்கு அவர் உரியர் என்பதாம். இதனை மறுப்பார் இலர். பங்கை எவ்வாறு வகுப்பது என்பதிலேதான் சிக்கல் எழுகின்றது.

ஆளுக்கு ஒரு வாக்கு என்னும் முறையை வெள்ளறிக்கை விலக்குகின்றது. வலையில் ஒருவரே நூறு பெயர்களில் கணக்குத் தொடங்க இயலும். ஆகவே தலைகளை எண்ணுதல் ஆண்டு இயலாது என்பது அது காட்டும் காரணம். இக்காரணம் வலியுடையதே. இதனின்று அறிக்கை கொள்ளும் முடிபு, நாணயத்தை எண்ணுக என்பது. எவர் எவ்வளவு நாணயத்தை வைப்பாகப் பூட்டிவைத்துள்ளாரோ அவர் வாக்குக்கு அவ்வளவு எடை. வைப்பினை மீட்க நெடுங்காலம் ஆகுமாதலின், அவர் தளத்தின் நெடுநாள் நலனையே நாடி வாக்களிப்பர் என்பது எதிர்பார்ப்பு. தொடக்கத்தில் அம்மீட்புக் காலம் 104 வாரமாக இருந்தது; 2016 திசம்பரில் அது 13 வாரமாகக் குறுகியது.

ஊதியம் வழங்கப்படும் பொதுநிதி எத்தகையது என்பதும் நோக்கத்தக்கது. மேற்சொன்ன திசம்பர் மாற்றத்தின்பின், புதிய நாணயம் ஆண்டுக்கு 9.5 விழுக்காடு என்னும் அளவில் தொடங்கிப் படிப்படியாகக் குறையுமாறு பிறப்பிக்கப்பட்டது. அதில் 75 விழுக்காடு எழுதுவோர்க்கும் வாக்களிப்போர்க்கும் உரிய நிதியாயிற்று. ஒருநாளைய நிதி வரையறைப்பட்டது. ஒருவர் பெறுவது மற்றொருவர் பங்கில் குறைவது. வள்ளல் ஒருவன் தகுதியற்றானுக்கு ஈந்தால் அவன் கருவூலமே குறையும். இங்கோ, தகுதியற்ற பதிவுக்குச் சென்ற ஒவ்வொரு காசும் தகுதியுடைய ஒருவர் கையினின்று பறிக்கப்பட்டதேயாம். குப்பைப் பதிவை வெறும் தொல்லை என்று கருதி ஒதுக்கிவிடுதற்கு இடமில்லாமல் அதனை முறைகேடாக ஆக்குவது இப்பண்பே.

வர்க்க விதியும் நேர் விதியும்

தொடக்கத்தில் ஒரு பதிவின் ஊதியம், அதற்கு வாக்களித்தோரின் வைப்புத் தொகையின் வர்க்கத்தைப் பொறுத்து அமைந்தது. இதன் நுட்பம் எளிதில் விளங்கும். ஒருவர் தம் வாக்காற்றலை ஒரே பதிவில் செலுத்தினால் வரும் பயன் 100 என்க. அதனையே நூறு பதிவுகளுக்குச் சமமாகப் பகிர்ந்தால், நூறும் சேர்ந்து தருவது 1 மட்டுமே. எனவே, சிறு மறுமொழிகளைக் குவித்துத் தமக்குத் தாமே வாக்களித்துக்கொள்வார்க்கு ஊதியம் இல்லை. பலர் ஒருமித்துப் பாராட்டும் பதிவுக்கே பெரும்பயன் உண்டு. இது குப்பைக்கு இட்ட நல்ல வேலியாகும்.

ஆயின் அவ்வேலி பயிரையும் நெருக்கியது. ஒருவர் வைப்பு மற்றொருவர் வைப்பினும் பத்து மடங்காயின், அவர் தனித்தளித்த வாக்கின் பயன் நூறு மடங்காகும். திமிங்கிலங்கள் என அத்தளத்தார் அழைத்த பெருவைப்பினர் சிலர் கண்பட்ட பதிவே பதிவு. சிறுமீன்கள் என்னப்பட்ட எளியோர் பலர் கூடிப் பாராட்டிய பதிவுக்குக் கிடைத்தது பெயரளவினதே. இக்குறை நீங்க, 2017 சூனில் வர்க்க விதி கைவிடப்பட்டு நேர் விதி வந்தது. எளியோர் வாக்குக்கும் அதனதன் எடைக்கேற்ற பயன் உண்டாயிற்று. அதே நாள்முதல், தம் வாக்கைத் தமக்கே அளித்துக்கொள்வார்க்கும் பயன் முழுமையாகக் கிட்டலாயிற்று. ஆற்றலை நூறாகப் பிரித்தாலும் கூட்டுத்தொகை குறைவதில்லை. தன்வாக்கும் வாக்கு விற்பனையும் இதன்பின் பெருகின. 2019 ஆகத்தில், சிறு தொகைகளுக்குக் குறைந்த பயனும் பெருந்தொகைகளுக்கு நேர்ப் பயனும் தரும் கலப்பு விதி புகுத்தப்பட்டது.

மூன்று விதிகளையும் ஒருங்கு வைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. குப்பையைத் தடுக்கும் விதி எளியோரை ஒடுக்குகின்றது. எளியோர்க்கு நேர்மை செய்யும் விதி குப்பைக்கு வாயில் திறக்கின்றது. கலப்பு விதி இரண்டு குறையையும் பாதிப்பாதி ஏற்கின்றது. எளியவன் எழுதிய நல்ல பதிவும், புரட்டன் எழுதிய வெற்றுப் பதிவும் சிறு தொகை பெறும் நிலையில் விதியின் கண்ணுக்கு ஒன்றே. தொகையை மட்டும் காணவல்ல ஒன்று, தொகை ஒத்த இரண்டைப் பிரித்தறிதல் எவ்வாறு? விதியைத் திருத்தத் திருத்தக் குறை இடம் மாறியதேயன்றி ஒழியாமைக்குக் காரணம் இதுவே.

காணாமல் வழங்கும் கொடை

தமிழ்ப் புலவர் மரபு இச்சிக்கலை வேறொரு சூழலில் எதிர்கொண்டுள்ளது. புறநானூற்று 121ஆம் பாட்டில் கபிலர், மலையமான் திருமுடிக்காரியை நோக்கி, கொடுத்தல் எளிதென்றும் பெறுவோரின் தகுதி வேறுபாட்டை அறிதலே அரிதென்றும் கூறி, புலவரிடத்துப் பொதுநோக்கு ஒழியுமாறு அறிவுறுத்துகின்றார். அத்தகுதி வேறுபாட்டுக்கு அவர் ஆளும் சொல் வரிசை என்பது. 208ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார், தம்மை நேரிற் காணாமலே அதியமான் நெடுமான் அஞ்சி அனுப்பிய பரிசிலை ஏற்க மறுக்கின்றார். தொகையின் சிறுமை பற்றி அவர் மறுத்திலர். காணாமல் தந்த பொருளைக் கொள்ளுதல் வாணிகமாகும் என்பதே அவர் கருத்து. சங்ககாலக் கொடைமுறையும் இக்கால நாணய முறையும் ஒன்றென்பது நம் துணிபன்று. பரிசிலுக்கும் விலைக்கும் இடையே நம் முன்னோர் கண்ட வேறுபாடு, இக்காலத்தையும் அளக்கும் கோலாகப் பயன்படுகின்றது என்பதே நாம் கூறுவது.

இக்கோலால் ஸ்டீமை அளப்போம். ஊதியத்தில் எழுதியவர்க்கு 75 விழுக்காடும், வாக்களித்தோர்க்கு 25 விழுக்காடும் சென்றன. பிறர் வாக்களிக்கு முன்னரே வாக்களித்தவர்க்கு அப்பங்கில் மிகுதி கிட்டும். நல்லதை முதலில் கண்டுணர்ந்தவர்க்குப் பாராட்டு என்னும் அளவில் இக்கருத்து அழகியது. ஆயின், முந்துதல் ஊதியமாகும் இடத்தில் பொறியை முந்துவார் யார்? புகழ்பெற்ற ஆசிரியர் பெயரைக் கண்டவுடன் வாக்களிக்கும் நிரல்கள் பெருகின. அதனைத் தடுக்க, முதல் 30 நிமிடத்திற்குள் வாக்களிப்போரின் பங்கைக் குறைக்கும் விதி செய்யப்பட்டது. நிரல்கள் அதற்கேற்பத் தம் நேரத்தைக் கணித்துக்கொண்டன. அவற்றுள் ஒன்றேனும் பதிவைப் படித்ததில்லை.

அடுத்த படி வாக்கினை வெளிப்படையாக விற்றலாயிற்று. பதிவின் முகவரியோடு பணத்தை அனுப்பினால், அனுப்பிய தொகைக்கேற்ப வாக்களிக்கும் நிரல்கள் 2017 முதல் பெருவழக்காயின. தளத்தின் முகப்பில் மக்கள் விரும்பும் பதிவுகள் என நின்றவற்றுள் பல, அவ்வாறு விலை கொடுத்து ஏறியவை. பெருஞ்சித்திரனார் மறுத்தது வழங்குவோன் காணாமல் தந்த ஒன்றை; இங்கோ பெறுவோனே வழங்குவோனுக்குக் கூலி தந்து பரிசில் கொள்கின்றான். பரிசில் என்னும் சொல்லுக்கு இதன்கண் இடமில்லை.

2019 ஆகத்தில், வாக்களிப்போர் பங்கு 25இலிருந்து 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. பிறர் எழுத்தைத் தேர்ந்து வாக்களித்தல், வாக்கை விற்பதற்கு ஒப்பான ஊதியம் தருமாயின் மக்கள் நேர்மையாக வாக்களிப்பர் என்பது காரணம். நடுவரின் நேர்மையைப் பரிசில் தொகையிலிருந்தே விலைகொடுத்து வாங்க முயலும் இம்முறையில், நடுவர் பரிசிலில் பங்காளி ஆகின்றார். பங்காளி வரிசை அறிவான் என்று எதிர்பார்த்தல் ஒவ்வாது.

நண்டுக்கூடை உவமை

முறைகேடு செய்வாரைத் தடுக்கும் வழியாக வெள்ளறிக்கை ஓர் உவமை கூறுகின்றது. கூடையிலிட்ட நண்டுகளுள் ஒன்று ஏறித் தப்ப முயன்றால் ஏனைய நண்டுகள் அதனைக் கீழே இழுக்கும். அதுபோல, தகுதிக்கு மீறிக் கொள்ள முயல்பவனைப் பிறர் எதிர்வாக்கால் இழுத்துவிடுவர். நிதி பொதுவாதலின் அவ்வாறு செய்தல் யாவர்க்கும் நலம் என்பது கருத்து.

உவமை நயமுடையதாயினும் பொருந்தாது. இழுக்கும் நண்டுக்கு இழப்பில்லை. எதிர்வாக்களிப்போனுக்கு இழப்பு உண்டு. எதிர்வாக்குக்கும் ஆதரவு வாக்குக்கும் ஒரே ஆற்றலே செலவானது. ஆதரவு வாக்கு ஊதியம் தரும். எதிர்வாக்கோ ஊதியம் தராததோடு, பெருவைப்பினர் பகையையும் தேடித்தரும். பொதுநலம் சிறிது சிறிதாக அனைவர்க்கும் பகிரப்பட, பகையும் செலவும் ஒருவர் தலைமேல் விழும்போது, அவ்வொருவராக முன்வருவார் சிலரே. எதிர்வாக்குக்குத் தனி ஆற்றல் ஒதுக்கும் திருத்தம் 2019 ஆகத்தில்தான் வந்தது. அதற்கு முன்னரே ஸ்டீம்கிளீனர்ஸ் என்னும் குழுவினர் எழுத்துத் திருட்டையும் குப்பைப் பதிவையும் கண்டறிந்து எதிர்வாக்களித்து வந்தனர் என்பது பாராட்டத்தக்கது. அவர் பணி விதியால் விளைந்த நலம் அன்று. விதி தாராத நடுவுநிலைமையை மனிதர் தம் முயற்சியால் ஈடுசெய்தது.

தடை விடை

இனி, வெள்ளறிக்கையின் சார்பாக எழக்கூடிய தடைகளுக்கு விடை காண்போம்.

முறைகேட்டை அறவே ஒழித்தல் இயலாது. அதுவே நோக்கமாகவும் இருத்தல் வேண்டா. முறைகேட்டுக்கு முயல்வோரும் ஒருவகையில் உழைப்பவரே. அவர் பெறும் ஊதியமும் நாணயம் பலரிடைப் பரவத் துணைசெய்யும். பிட்காயின் முறையில் பொறிகள் செய்யும் வெற்றுழைப்பினும் இது தாழ்ந்ததாகாது என்னும் கருத்துப்பட அறிக்கையே கூறுகின்றது. நாணயத்தைப் பரப்புதல் ஒன்றே குறிக்கோளாயின் இவ்விடை போதும். ஆனால் மதிப்பை விளைத்தவர்க்கு மதிப்பில் பங்கு என்னும் முதற்கோளோடு இது முரணுகின்றது. உழைப்பு யாதாயினும் ஊதியம் ஒக்கும் எனின், எழுத்தாளனை அழைத்தது எற்றுக்கு? அறிக்கையின் தலையாய முரண்பாடாக இதனையே நாம் கருதுகிறோம்.

எந்த நடுவரும் பிழைபடுவர். இதழாசிரியர் தள்ளிய நல்ல நூல்கள் பல. கணக்கு விதியோ ஒருபாற் கோடாது என்பது மற்றொரு தடை. நடுவர் பிழைபடுவர் என்பது மெய்யே. பிழைபட்டவரை வினவலாம், மறுக்கலாம், மாற்றலாம். விதியோ வாக்களிப்போரின் விருப்புவெறுப்பைப் பெருக்கித் தருவதல்லது அதனைத் திருத்துவதில்லை. ஸ்டீமின் வாக்குகள் யாவும் பொதுப் பேரேட்டில் எவரும் காணப் பதிவாயின என்பது அதன் சிறந்த பண்பு, அதனை ஒப்புக்கொள்கிறோம். வெளிப்படையாக நிகழ்தல் குற்றத்தை அறிவதற்கு உதவும். குற்றம் நிகழாமைக்கு அது காவலாகாது. 2020 மார்ச்சுத் திங்களில், ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கிய சஸ்டின் சன் சார்பில், நாணயச் சந்தைகள் சில தம்மிடம் வாடிக்கையாளர் வைத்திருந்த நாணயத்தையே வாக்காகப் பயன்படுத்தி, பேரேட்டை நடத்துவோரை மாற்றின. யாவும் வெளிப்படையாகவே நிகழ்ந்தன. பயனருள் ஒரு சாரார் 2020 மார்ச்சு 20ஆம் நாள் பிரிந்து ஹைவ் என்னும் தனிப் பேரேட்டைத் தொடங்குதல் அல்லது வேறு வழி கண்டிலர். உடைமையே உரிமை என்னும் கோட்பாடு தன் எல்லைவரை சென்றால் எங்குச் சேரும் என்பதற்கு இதுவே சான்று.

நாணய வாக்கில்லாத தளங்களில் இக்குறை இல்லையே எனின், அதுவும் பொருந்தாது. எக்ஸ் தளம் 2023 சூலையில் பயனர்க்கு விளம்பர வருவாயில் பங்கு தரத் தொடங்கியபோது, மறுமொழிகளின் இடையே தோன்றும் விளம்பரங்களைக் கணக்கிற்கொண்டது. பிறர் பதிவின்கீழ்ப் பொருளற்ற மறுமொழிகள் மண்டின. 2024ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வடிப்படை கைவிடப்பட்டு, கட்டணம் செலுத்தும் பயனரின் ஈடுபாடு அளவையாயிற்று. பேசுபுக்கில் பிறர் படைப்பைத் திருடியிடுவதும் பொறி வரைந்த படங்களைக் குவிப்பதும் பெருகவே, 2025ஆம் ஆண்டின் முதல் ஆறு திங்களில் ஏறத்தாழ 5,00,000 கணக்குகள்மீது நடவடிக்கை எடுத்ததாக மெட்டா நிறுவனம் அறிவித்தது. யூடியூப் 2018இல் 1,000 பின்தொடர்வோரும் ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வையும் உடையார்க்கே வருவாய் என வரம்பிட்டது. வர்க்க விதிபோல அதுவும் குப்பையோடு எளியோரையும் புறத்தே நிறுத்திய வேலியே. எண்ணப்படுவது நாணயமாயினும் பார்வையாயினும் விளைவு ஒரு தன்மைத்தே.

முடிபு

ஸ்டீமின் வரலாற்றுள்ளேயே இதற்கு மாற்றும் காணப்படுகின்றது. கியூரி என்னும் குழுவினர், போதிய பாராட்டுப் பெறாத புதிய ஆசிரியர்களின் பதிவுகளைத் தேடிப் படித்து, தேர்ந்தவற்றுக்குப் பெருவாக்குக் கிடைக்கச் செய்தனர். ஒருவர் தம் வைப்பின் ஆற்றலை மற்றொருவர்க்கு இரவலாகத் தரும் வசதி பின்னர் வந்தபோது, அதனை இத்தகைய தேர்வாளர்க்குத் தந்தாரும் உண்டு. வாக்கு விற்கும் நிரல்களுக்கு வாடகைக்கு விட்டாரும் உண்டு. கருவி ஒன்றே, படித்தவர் கைப்பட்டபோது பரிசிலாயிற்று, படியாத பொறியின் வயப்பட்டபோது விலையாயிற்று.

இவற்றால், பயனர்க்கு ஊதியம் தரும் எந்தத் தளமும் மூன்றனை இன்றியமையாதனவாகக் கொள்ளவேண்டும் எனத் துணிகின்றோம். வழங்குவோர் எழுத்தைப் படித்தவராதல் வேண்டும். வழங்கப்படும் தொகையில் அவர்க்குப் பங்கு இருத்தலாகாது. வழங்கியமைக்குக் காரணம் கேட்டவழி விடைகூறக் கடமைப்பட்டவராதல் வேண்டும். இம்மூன்றும் செலவுமிக்கவை, கோடிக்கணக்கான பதிவுகளுக்கு விரிக்க அரியவை. அதனால் பரிசில் பெறும் பதிவுகள் தொகையிற் குறையுமாயின் குறைக. யாவர்க்கும் எக்காலும் பரிசில் என்னும் வாக்குறுதியே பொதுநோக்கின் மற்றொரு பெயர்.

குப்பைப் பதிவால் நேரும் இழப்பு நாணயத்தளவில் நின்றுவிடுவதில்லை. புதிதாக எழுதப் புகும் இளைஞன், எதற்குப் பரிசில் கிடைக்கின்றது என்பதைக் கண்டே எழுத்து எத்தகையது என்று கற்றுக்கொள்கின்றான். எண்ணிக்கைக்குப் பரிசில் தரும் தளம் அவனுக்கு எண்ணிக்கையையே கற்பிக்கும். வரிசை அறியாத கொடை புலவரை நோகச் செய்யும் என்பதைக் கபிலர் அறிந்திருந்தார். அஃது எழுதுவோரின் எழுத்தையும் மாற்றிவிடும் என்பதை இப்பத்தாண்டுகள் நமக்கு அறிவித்துள்ளன.